மாமா மகனைக் கேட்ட மகாராணி

பிரின்ஸி: ...சத்தியமா மச்சான்! விக்டோரியா மகாராணிதான் முதல்ல கேட்டிருக்காங்க. 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு, அவங்களே வாயத் திறந்து.

ஹெர்பர்ட்: சும்மா அளக்காத. அம்மாம் பெரிய ராணி, போயும் போயும்...

பிரின்ஸி: ராணிகிட்டப் போய் வேற யாரு கேக்கிறது? வழக்கமே இல்லியாம். அவங்க கேட்ட அந்த ஆல்பர்ட் யாருங்கிறீங்க? ராணியோட அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மகன்.

ஹெர்பர்ட்: மாமா மகனா! ஆத்தாடி... அது நம்ம முறையில்ல?

பிரின்ஸி: ரோட்டப் பாருங்க, லொறி வருது! இந்த த்ரீவீல்ல நான் உயிரோட அலுவிகாரை போய்ச் சேரணும்.

ஹெர்பர்ட்: சேருவ, சேருவ. ஆமா, உக்குவளையில ஏறினதுல இருந்து போனையே பார்த்துக்கிட்டு... எதுக்கு இந்தக் கதையெல்லாம்?

பிரின்ஸி: ஸ்கூல்ல வினாடி வினா. டீச்சர் நாந்தானே கேள்வி எடுக்கணும். உங்களுக்கென்ன... ஞாயித்துக்கிழமை மாத்தளை நாலந்தாவுக்குப் பொண்ணு பார்க்கப் போற மாப்பிள்ளை.

ஹெர்பர்ட்: அத விடு. வேற யாரு இருக்கா, சொல்லு.

பிரின்ஸி: டார்வின்.

ஹெர்பர்ட்: குரங்கு டார்வினா?

பிரின்ஸி: பெரிய மனுசன மரியாதையா சொல்லுங்க. அவரு கட்டினது மாமா மகள், எம்மா.

ஹெர்பர்ட்: அத்தை மகன், மாமா மகள்... அச்சு அசல் நம்மள மாதிரி!

பிரின்ஸி: ...ம்.

ஹெர்பர்ட்: மேலெல்லாம் சிலிர்க்குது பிரின்ஸி. இதெல்லாம் நம்ம சனத்துல மட்டுந்தான்னு நினைச்சிருந்தேன்.

பிரின்ஸி: ஐன்ஸ்டீன் மட்டும் என்னவாம்? ரெண்டாந்தாரமா எல்சாவக் கட்டினாரு. இவரோட அம்மாவும் அவங்க அம்மாவும் கூடப்பிறந்தவங்க. எல்சாவோட அம்மாதான் மூத்தவங்க.

ஹெர்பர்ட்: இரு, இரு... பெரியம்மா மகளா? வயசு?

பிரின்ஸி: இவர விட மூணு வயசு கூட.

ஹெர்பர்ட்: மாதாவே! சொந்த அக்கா முறை! அம்மாம் மூளை இருந்தும் முறை தெரியலியே மனுசனுக்கு!

பிரின்ஸி: சிரிக்க வைக்காதீங்க... அவங்களுக்கு எல்லாருமே 'கசின்'தான். நம்மதான் கட்டுற முறை, கட்டக்கூடாத முறைன்னு பிரிச்சு வச்சிருக்கோம்.

ஹெர்பர்ட்: டார்வினுக்குப் பயம் இல்லியா? சொந்தத்துல கட்டினா பிள்ளைங்களுக்கு ஏதாச்சும்... எங்கம்மா அதையே சொல்லித்தான் வெளியில பொண்ணு தேடினாங்க.

பிரின்ஸி: இருந்துச்சு. பத்துப் பிள்ளைங்க. மூணு, சின்னதிலயே போயிருச்சு. நம்மாலதானோன்னு உள்ளுக்குள்ள வெந்திருக்காரு மனுசன். மிச்சம் ஏழும் நல்லா வளர்ந்துச்சுங்க. மூணு பேரு ராஜா குடுக்கிற 'சேர்' பட்டமே வாங்கினாங்க.

ஹெர்பர்ட்: எம்மா?

பிரின்ஸி: நாப்பது வருசத்துக்கு மேல அவரோடதான். கடைசி மூச்சு விடும்போதும் பக்கத்துல எம்மாதான்.

ஹெர்பர்ட்: ...எப்பா. உலகத்துக்கே பாடம் சொன்னவருக்கு வீட்டுக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு.

பிரின்ஸி: ஏன் நிப்பாட்டினீங்க? இது மாத்தளை மாதா கோயில் வாசல்.

ஹெர்பர்ட்: தெரியும். என்னைப் பார்த்துச் சொல்லு. வினாடி வினான்னு ஒண்ணு இருக்கா?

பிரின்ஸி: ...இல்ல.

ஹெர்பர்ட்: பின்ன?

பிரின்ஸி: பொண்ணு வீட்டுக்காரங்க முதல்ல கேக்கக் கூடாதுன்னு அப்பா வாயக் கட்டிக்கிட்டு இருக்காரு. அத்தை கேட்டு வருவாங்கன்னு பார்த்தோம்... வரல. ஞாயித்துக்கிழமை வந்துட்டா எல்லாம் முடிஞ்சிரும். அதான்... என்னைக் கட்டிக்கிறீங்களா மச்சான்? ஏதாச்சும் சொல்லுங்க. வெக்கமா இருக்கு.

ஹெர்பர்ட்: நாலந்தாக்காரங்களுக்கு வரலன்னு நேத்தே சொல்லியாச்சு. அம்மாவும் அழுது முடிச்சுட்டாங்க. மாமா மகளக் கட்டணும்னா ஆயர்கிட்ட அனுமதி வாங்கணுமாம், அதுக்கு முன்னாடி பொண்ணோட சம்மதத்த அவ வாயாலயே கேக்கணும்னு ஃபாதர் சொன்னாரு. உன்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு வழியெல்லாம் உசுரு போச்சு எனக்கு... எறங்கு, உள்ள காத்துக்கிட்டு இருக்காரு.