அறுபத்து நாலு பெட்டியும் ஒரு சாவியும்

...இதுலயும் இல்லை. பாருங்க, திரைச்சீலை. எட்டு. பதிவேட்டுலயும் எட்டு. எல்லாம் சரியா இருக்கு. சாவி மட்டும் இல்லை.

வாங்க, வாங்க. வாசல்லயே நின்னா எப்படி? இளஞ்செழியன்தானே? அலாட்மென்ட் லெட்டர் நகல்ல பேர் பார்த்தேன். ஆமா, நான்தான் செல்வராஜ். இந்த மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸ்ல இருபத்தி ரெண்டு வருஷம். அது யாரு பின்னாடி, சம்சாரமா? பேரு?... அபூர்வா. சரி. கையில என்னம்மா, தூக்கா? பால்தானே. தெரியும். அந்தப் பையில அடுப்பும் இருக்கும்... இன்டக்‌ஷனா? தீயே இல்லாம பால் பொங்கறதா? எப்படியோ போகட்டும். ஆனா அடுப்பங்கரைப் பக்கம் இப்போ போகக் கூடாது. அங்கேயே நில்லும்மா.

நீங்க உக்காருங்க தம்பி. நாற்காலிக்கெல்லாம் சாக்கு சுத்தியாச்சு. பெட்டி மேல உக்காருங்க. அது இல்லை! அது ஐம்பத்தி ரெண்டு, கண்ணாடி. பக்கத்துல, நாற்பத்தி ஏழு. போர்வை. அதுல உக்காரலாம்.

மணி என்ன? உங்க போன்ல பார்த்துச் சொல்லுங்க. சுவர்க் கடிகாரம் முப்பத்தி எட்டாம் பெட்டியில இருக்கு. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, காதை வச்சா கேக்கும். மணி தெரியாது, அவ்வளவுதான். கைக்கடிகாரம் ஒன்பதுல... ஒன்பது முப்பத்தஞ்சா? சரி. இன்னும் நாற்பது நிமிஷம்.

விஷயத்தைச் சொல்லிடறேன். நான் ரொம்பப் பேசற ஆள் இல்லை. சுருக்கமா சொல்றேன்.

நாளைக்கு ஆடி பொறக்குது. உங்களுக்கும் தெரியும், தெரிஞ்சுதானே பாலைத் தூக்கிட்டு ஓடி வந்திருக்கீங்க. ஆடியில யாரும் புது வீட்ல பால் காய்ச்ச மாட்டாங்க. எனக்கு மாசக் கடைசிக்குள்ளே வீட்டை ஒப்படைக்கணும். ஆக இன்னிக்கு விட்டா நாள் கிடையாது. இன்னிக்கும் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரைக்கும்தான் நல்ல நேரம். பத்தரைக்குக் குளிகை. குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும். வீடு மாறினா? திரும்பத் திரும்ப மாறணும். இந்த அறுபத்து நாலு பெட்டியை நான் இன்னொரு தடவை கட்டணுமா? உயிர் போயிடும்.

வள்ளி, என் சம்சாரம், வள்ளியம்மை, காலையிலயே துவாரகா போயிட்டா. ஆட்டோவுல. ஊர்க் கோடியில எங்க சொந்த வீடு, அஞ்சாவது மாடி ஃபிளாட். முதல்ல போக வேண்டிய சாமானை நானே எடுத்துக் குடுத்தேன். காமாட்சி விளக்கு, மஞ்சள், உப்பு ஜாடி, பொட்டலத்துல துவரம்பருப்பு, குடத்துல தண்ணி, அப்புறம் பால் பாக்கெட்டும் சின்ன ஸ்டவ்வும். ஒவ்வொண்ணையும் டேப் சுத்தி, பதிவேட்டுல கையெழுத்து வாங்கித்தான் அனுப்பினேன். ஆமா, அவகிட்டேயும்தான். ஏன் சிரிக்கிறீங்க? சாமான் கை மாறுதில்லே?

ஒன்பது மணிக்கு போன். "ஏங்க, கதவு பூட்டியிருக்கு. சாவி எங்கே?"ன்னு. 

சாவி எங்கே. அதான் கேள்வி.

ஒரே சாவி. இன்னொண்ணு பையன் கௌதமன்கிட்ட, அவன் புனேயில. போன மாசம் சாவி கைக்கு வந்தவுடனே நான் ஒரு இடத்துல வச்சேன். அருமையான இடம். வச்சதும் எனக்கே சந்தோஷமா இருந்துது. அந்தச் சந்தோஷம் நல்லா ஞாபகம் இருக்கு. இடம் ஞாபகம் இல்லை.

என்ன? ... பதிவேடா? பார்க்காம இருப்பேனா? மினிஸ்ட்ரியில முப்பத்தி நாலு வருஷம் ரெக்கார்ட் செக்‌ஷன் தம்பி. ஒரு ஃபைல் தொலைஞ்சதில்லை. இதோ, பாருங்க. பெட்டி எண், பொருள், எண்ணிக்கை, இருந்த இடம், போக வேண்டிய இடம், குறிப்பு. மூணு மாசம் உக்காந்து எழுதினேன். சாவி வந்தவுடனேயே போயிடலாம்னா அவ. பதிவேடு முடியாம எப்படிப் போறது? பையன் ஏதோ ஆப் இருக்குப்பா, போட்டோ எடுத்தா போதும்னான். போட்டோவுல கையெழுத்து வாங்க முடியுமாடான்னு கேட்டேன். போனை வச்சுட்டான்.

இங்கே பாருங்க, வரிசை எண் இருநூத்திப் பதினொண்ணு. "துவாரகா வீட்டுச் சாவி. எண்ணிக்கை ஒன்று. இருக்கும் இடம்: பத்திரம்."

பத்திரமான இடம்னு அர்த்தம். எந்த இடம்னு எழுதலை. எழுதினா சாமான் கட்ட வர்ற ஆளுங்க படிச்சிடுவாங்க... தமிழ் தெரியாதுதான். பீகார்ப் பசங்க. இருந்தாலும் எச்சரிக்கை. நாளைக்கே ஒருத்தன் கத்துக்கிட்டான்னா?

என்ன சொல்றீங்க? பெட்டியா? ஆடுதா? அசையாம உக்காருங்க, ஆடாது.

முப்பத்தி மூணு பெட்டி பிரிச்சுட்டேன். முதல் பெட்டி சாமி படம், இல்லை. ஏழாவது, காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருபத்தாறு. வள்ளி தூக்கிப் போடச் சொன்னா. பாட்டில் இல்லாம வீடு நடக்குமா? பதினஞ்சு, ஆணி. இந்த வீட்டுச் சுவர்லேர்ந்து பிடுங்கினது, நாற்பத்தொண்ணு. என் ஆணி, நான் அடிச்சது. சர்க்கார் ஆணி ஆறு, அதை அங்கேயே விட்டிருக்கேன், பார்த்துக்கங்க. சர்க்கார் பல்பு ஜன்னல்ல இருக்கு. பத்தொன்பதாவது பெட்டியில வெறும் பெட்டிங்க. மடிச்சு வச்சிருக்கேன். எதுக்காவது தேவைப்படும்.

எதுலயும் சாவி இல்லை.

மணி? ... ஒன்பது அம்பதா! ஏன் இவ்வளவு வேகமா ஓடுது?

ஏம்மா, ஏம்மா, எங்கே போறே? நில்லு. சொன்னேன் இல்லே. தம்பி, உங்க சம்சாரத்துக்கு நீங்களே சொல்லுங்க. உங்களுக்கும் பத்தேகால்தான், புரியுது. எனக்கு மட்டும் கல் நெஞ்சா? ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. போறவங்க வீட்ல முதல்ல பொங்கணும். அப்புறம்தான் வர்றவங்க வீட்ல. வள்ளி அங்கே பூட்டின கதவு முன்னாடி பாலோட நிக்கிறா. இங்கே அவ அடுப்பங்கரையில இன்னொருத்தர் பால் பொங்கிடுச்சுன்னா, நாங்க எங்கே குடியிருக்கோம்? இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. ரிங் ரோட்லயா?

எந்த ரூல்லயும் இல்லைதான். நான் சொல்றேன்.

...அது? அது என் போன். அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒன்பது மணிக்கு அவகூடப் பேசிக்கிட்டே பெட்டியைப் பிரிச்சேனா, பிரிச்ச பெட்டியை அப்பப்போ டேப் போட்டு ஒட்டிடணும், அது ஒழுங்கு. போன் ஏதோ ஒண்ணுக்குள்ளே போயிடுச்சு. அடிக்கட்டும். அவதான். சாவி கெடைக்காம எடுத்து என்ன பேசறது? திட்டுவா. கெடைச்சதும் மொத்தமா வாங்கிக்கிறேன்.

என்ன, சொல்லுங்க... பெட்டியா? மறுபடியும் பெட்டியா? இருங்க, நான் முடிச்சுடறேன்.

இவ திட்டறதுக்குக் காரணம் இருக்கு. தொண்ணூத்தெட்டுல, அப்போ நாங்க சரோஜினி நகர்ல, ரேஷன் கார்டை நான் துவரம்பருப்பு டின்ல வச்சேன். பத்திரமா இருக்கட்டும்னு. இருந்துது. மூணு மாசம். அதுக்குள்ளே நான் ரேஷன் ஆபீஸுக்கு நாலு மனு எழுதி, போலீஸ்ல தொலைஞ்சதா சர்ட்டிபிகேட் வாங்கி, புது கார்டும் வாங்கியாச்சு. அப்புறம் ஒரு நாள் சாம்பார் வைக்கும்போது அகப்பையில வந்துது. ரெண்டு கார்டு வச்சிருக்கறது குற்றம். அதுக்கு ஒரு மனு எழுதினேன். இன்னும் சொல்லிக் காட்டுவா. அதனாலதான் இந்தத் தடவை சாவி வச்ச இடத்தை அவகிட்டச் சொல்லவே இல்லை. சொன்னா தொலைச்சிடுவா.

பருப்பு டின் பார்த்துட்டேன் தம்பி. கேக்காதீங்க. முதல்லயே பார்த்துட்டேன். ரெண்டு தடவை.

யாரது? ... அச்சா, அச்சா! ருக்கோ பையா! தஸ் மினட்! பத்து நிமிஷம் இருக்கச் சொல்லியிருக்கேன். பாருங்க, லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். அந்த நாலு பேரும் எட்டு மணியிலிருந்து வாசல்ல உக்காந்து டீ குடிக்கிறாங்க. "ஜல்தி அங்கிள், ஜல்தி"ங்கறான். பெட்டியை நான் பிரிச்சுப் பார்க்காம லாரியில ஏத்த முடியுமா? ஏத்தினா எந்தப் பெட்டியில தேடறது? என்னா ஜல்தி, என்னா அவசரம்?

மணி?

பத்து அஞ்சு...

தம்பி, உண்மையைச் சொல்லிடறேன். பூட்டுக்காரனைக் கூப்பிடச் சொல்லி அவ அப்பவே சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். குடி போற அன்னிக்குப் பூட்டை உடைச்சிட்டா உள்ளே போவாங்க? அது திருடன் போற மாதிரி. சாவி போட்டுத் திறந்துதான் போகணும்னேன். வீறாப்பா சொல்லிட்டேன். இப்போ அங்கே அவ ஒத்தையா... முட்டி வலி வேற அவளுக்கு. அந்த மாடியில உக்கார ஒரு படிக்கட்டுதான் இருக்கு. இருபத்தி ரெண்டு வருஷமா சொந்த வீடு, சொந்த வீடுன்னு அவதான் கேட்டுக்கிட்டு இருந்தா. கதவு வரைக்கும் அனுப்பிட்டேன்...

சரி. போதும். விடுங்க. நீங்களாவது காய்ச்சுங்க. ரெண்டு வீடும் கெட்டுப் போக வேண்டாம். போம்மா. அடுப்பங்கரை அதோ. பிளக் பாயின்ட் ஜன்னலுக்குக் கீழே, கொஞ்சம் அழுத்திப் போடணும். எடுத்துக்கிட்டுப் போ. பையிலேர்ந்து எடுத்த அந்தத் தட்டுல என்ன, மஞ்சளா, அது...

அது என்னம்மா? அந்தக் கிண்ணத்துல?

உப்பா?

கல்லுப்பு.

...

தம்பி. போனைக் குடுங்க. உங்க போனை! குடுங்கறேன்! நம்பர் எனக்கு மனப்பாடம், நானே அடிக்கிறேன். உப்புய்யா, உப்பு! உப்பு ஜாடிக்குள்ளே போட்டேன்! பீரோவை உடைப்பான், பெட்டியை உடைப்பான், உப்பை எவன் திருடுவான்? எப்படியும் முதல்ல போற சாமான் அது, தானா வீடு போய்ச் சேர்ந்திடும்னு நான்தான் போட்டேன். மேல டேப்பும் நான்தான் சுத்தினேன். இன்னிக்குக் காலையில நானே அவ மடியில வச்சு, கையெழுத்தும் வாங்கி... 

ஹலோ. வள்ளி. நான்தான். இது இங்கே ஒரு தம்பியோட போன். பேசாதே, கேளு. நேரமில்லை. உப்பு ஜாடியைப் பிரி. கொட்டாதே! உப்பைக் கீழே கொட்டக் கூடாது, கையை விட்டுத் துழாவு, அடியில...

என்ன?

எப்போ?

ஒன்பது இருபதுக்கா? ... நீயாவேவா? ... எப்படித் தெரியும்? ... ம். ... ம். ... பருப்பு டின்னை இப்போ எதுக்கு இழுக்கறே? ... சரி. ... பொங்கிடுச்சா? எந்தப் பக்கம் வழிஞ்சுது? ... கிழக்கா. நல்லது. ... எத்தனை தடவை கூப்பிட்டே? ... பதினாலா. ... இல்லை, எடுக்க முடியலை. ... வேலையா இருந்தேன். ... என் போனா? எங்கிட்டதான் இருக்கு, எங்கே போகும்? ... பெட்டியில இருக்கு. ... தெரியலை. ... வள்ளி, சிரிக்காதே. ... யாரது பக்கத்துல? எதிர் வீட்டம்மாவா? அவங்களும் சிரிக்கிறாங்களா? போன உடனே சொல்லியாச்சா? ... வச்சுடறேன்.

அங்கே ஒன்பதரைக்கே பொங்கிடுச்சாம் தம்பி. நீங்க இந்த வாசல்ல வந்து நிக்கறதுக்கும் முன்னாடி. ஜாடியை மடியில வச்சப்பவே சந்தேகம்தானாம். உப்புக்கு யாராவது ஆறு சுத்து டேப் போடுவாங்களான்னு... ஆக, உங்களை நான் இவ்வளவு நேரம் நிறுத்தி வச்சது...

தம்பி?

எங்கே போனாரு? தம்பி!

...அடுப்பங்கரையிலயா? மணி என்ன ஆச்சு? உங்க போன் என் கையிலதானே இருக்கு. இதுல... பத்து பதிமூணு. பொங்கிடுச்சா? பொங்கிடுச்சா அம்மா? ... எந்தப் பக்கம்? ... அப்பாடா.

இல்லை, நான் உள்ளே வரலை. நீங்க இருங்க. உங்க அடுப்பங்கரை.

போனை வாங்கிக்கங்க. இருங்க, அதுக்கு முன்னாடி என் நம்பருக்கு ஒரு தடவை அடிங்க. பெட்டியைக் கண்டுபிடிக்கணும். ஒன்பது எட்டு ஒண்ணு ஒண்ணு... ஆங், அதான், முழுசா அடிக்கட்டும், கட் பண்ணாதீங்க... கேக்குது. எங்கேர்ந்து? அங்கே இல்லை. இங்கே... நாற்பத்தி ஏழா? போர்வையா? நீங்க உக்காந்திருந்தீங்களே, அதுலயா? முக்கால் மணி நேரமா உங்களுக்குக் கீழேயா அடிச்சுக்கிட்டு இருந்தது? ஏன்யா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?

...சொன்னீங்களா?

எத்தனை தடவை?

ம்.

பையா! ஆ ஜாவோ! உட்டாவோ! சப் உட்டாவோ! எல்லாத்தையும் தூக்கு! நாற்பத்தி ஏழை மட்டும் விடு. அது என்கூட வரட்டும். மடியில வச்சுக்கிறேன்.

என்னம்மா இது, எனக்கா? பாலா? வேண்டாம்... சரி, குடு. வாங்கிக்கலைன்னா நல்லா இருக்காது.

சர்க்கரை ஜாஸ்தி.

அந்த உப்பை மேல் தட்டுல வைம்மா. கீழ்த் தட்டுல வச்சா மழைக்கு ஈரம் வாங்கும். இருபத்தி ரெண்டு வருஷமா மேல் தட்டுலதான் இருந்துது. வெறும் உப்பா வை. உள்ளே எதையும் போடாதே.