மிச்சம் இருந்த ஐகான்

அண்ணி: ...ஐகானைக் காணோம்னா காணோம்தான். பில் போடுறது, ஸ்டாக் பாக்குறது, ரிப்போர்ட்... ஸ்க்ரீனைத் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு.

சர்வர்காரன்: வெளிய போயிட்டுத் திரும்ப லாகின் பண்ணுங்க மேடம்.

அண்ணி: மேடமா? காலையில என் அடுப்படியில நின்னு டீயை ஊதி ஊதிக் குடிக்கும்போது அண்ணியா இருந்தேனே!

சர்வர்காரன்: ஆபீஸ் லைன், மேடம். பேசுறதெல்லாம் ரெக்கார்ட் ஆகும்.

அண்ணி: ஓ... சரிங்க சார். வெளிய போயி உள்ள வந்தாச்சுங்க சார். அதே மொட்டை ஸ்க்ரீன்தாங்க சார்.

சர்வர்காரன்: உங்களுக்கு மட்டுமா?

அண்ணி: கிளை முழுக்க. கேஷியர் வாசல்ல நின்னு வர்றவங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிட்டிருக்காரு. ஹெட் ஆபீஸ் சர்வர்ல யாருக்கு எந்த புரோகிராம் தெரியணும்னு டிக் போடுறவன் நீதானே? போடேன்!

சர்வர்காரன்: பாத்துட்டுதான் இருக்கேன்... கொஞ்சம் நேரமாகும்.

அண்ணி: எல்லாம் போச்சுன்னும் சொல்ல முடியாது. ஒண்ணு இருக்கு.

சர்வர்காரன்: எது இருக்கு?

அண்ணி: இடமாற்ற மனு.

சர்வர்காரன்: ம்.

அண்ணி: அது மேனேஜர் ஸ்க்ரீன்ல மட்டும்தானே வரும்? அவர் மனசு வெச்சாதானே நாங்க மனுவே போட முடியும்? இன்னிக்கு வேன் டிரைவர் லாகின்ல கூட வந்து நிக்குது.

சர்வர்காரன்: நேத்து ராத்திரி உங்க கிளையை வேற குரூப்புக்கு மாத்தும்போது கை தவறிடுச்சு.

அண்ணி: எல்லாத்தையும் எடுத்துட்டு, அதை மட்டும் குடுக்கிற மாதிரி தவறுச்சா? பொல்லாத கைதான்.

சர்வர்காரன்: தவறுன்னா தவறுதான் மேடம். கவனக்குறைவுன்னு எழுதியே குடுத்துட்டேன்.

அண்ணி: எழுதியா... யார்கிட்ட?

சர்வர்காரன்: எங்க ஆபீஸ் பெரியவர்கிட்ட. வந்ததும் வராததுமா கூப்பிட்டு விட்டாரு.

அண்ணி: ஐயையோ... அப்ப இது, அந்தப் பழைய கிளையை மூடின மாதிரி...

சர்வர்காரன்: மேடம். லைன்.

அண்ணி: நான் பழைய கதைதானே பேசுறேன்! நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி மனு போட்டிருந்தவங்களுக்கு வேற கிளையில வேலை கிடைச்சுது. மத்தவங்க டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. மனு போடணும்னு சொல்லத்தான் ஆளில்ல.

சர்வர்காரன்: மத்தியானம் ஏதோ நோட்டீஸ் வரும்னு பேச்சு. என்னன்னு எனக்குத் தெரியாது. அதுக்குள்ள உங்க ஸ்க்ரீன்ல இருக்கிற வேலையை முடிச்சிடுங்க.

அண்ணி: முடிச்சாச்சு.

சர்வர்காரன்: என்னது?

அண்ணி: கடை திறந்த உடனேயே. டிரைவரோட சேத்து எல்லாரும் அனுப்பியாச்சு. பில் ஐகானும் கூட இருந்திருந்தா அதை எவன் பாத்திருப்பான்? வேற ஒண்ணுமே இல்லாததாலதானே கண்ணுல பட்டுது.

சர்வர்காரன்: நிஜமாவா அண்ணி?

அண்ணி: லைன், சார்.

சர்வர்காரன்: ...அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் ஐகானைக் காணோம், ஐகானைக் காணோம்னு...

அண்ணி: உன் குரலைக் கேக்கணும்னு இருந்துச்சு. பயமா இருந்துச்சுப்பா. நீ பாட்டுக்கு வம்பை விலைக்கு வாங்கிட்டு வந்து நின்னா உங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?

சர்வர்காரன்: கவனக்குறைவுதானே? அதுக்கு என்ன வம்பு?

அண்ணி: மனு செல்லுமா?

சர்வர்காரன்: கம்பெனி தப்புல ஐகான் வந்தாலும் போட்ட மனு மனுதான். வேணும்னே யாராவது குடுத்ததுன்னாதான் ரத்தாகும்.

அண்ணி: ம்ம்... அப்ப கவனக்குறைவுதான். சின்ன வயசுலேர்ந்தே உனக்கு அது ஜாஸ்தின்னு உங்கண்ணனும் சொல்லுவாரு.

சர்வர்காரன்: சொல்லுவாரு, சொல்லுவாரு.

அண்ணி: சரி, எங்க ஐகானையெல்லாம் இப்பவே திருப்பிப் போட்டுடு. சட்டுனு சரி பண்ணிட்டேன்னா பெரியவருக்கும் கோபம் தணியும்.

சர்வர்காரன்: போட முடியாது அண்ணி. எழுதிக் குடுத்த கையோட என் லாகினை எடுத்துட்டாங்க. சர்வர் ரூம் சாவியை வாங்கிக்க ஆள் வர்ற வரைக்கும் இங்கயே உக்காருன்னு சொல்லியிருக்காங்க... என் ஸ்க்ரீன்ல அந்த ஒரு மனு ஐகான்கூட இல்ல.