ஆறாம் கிடங்கை நிறுத்திய ஹபீபுல்லா

மேடையில் அமர்ந்திருக்கும் பிம்ப்ரி தமிழ் மன்றத்தின் தலைவர் அருணாச்சலம் ஐயா அவர்களே, மென்பொருள் நிறுவனத்தின் இயக்குநர் ராகவேந்திரா அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஹபீபுல்லா அவர்களின் மனைவி, என் தங்கை போன்ற தஸ்லீம் அவர்களே, பொறியாளர் ஹபீபுல்லா அவர்களை இழந்து வாடும் பெரியோர்களே, நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் ஆரோக்கியமேரி. சொந்த ஊர் தூத்துக்குடி. கொங்கண் கரைத் துறைமுகம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆறாம் கிடங்கின் மேற்பார்வையாளர். மைக்கில் பேசிப் பழக்கமில்லை. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பழக்கம். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது நடுங்குவதற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் ஹபீபுல்லாவின் பொறுமையைச் சொன்னார்கள். திங்கட்கிழமைதோறும் விடிந்ததும் புனேயிலிருந்து பஸ் ஏறித் துறைமுகத்துக்கு வந்த உழைப்பைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஒருவர், பெயர் வேண்டாம், "அந்த ஒரு சறுக்கலைத் தவிர" என்றார். எந்தச் சறுக்கல்? யாருடைய சறுக்கல்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம். எங்கள் கிடங்குகளுக்கு மென்பொருள் வந்தது. அதுவரை எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்பது பதிவேட்டில் பாதி, எங்கள் தலைக்குள் பாதி. இனிமேல் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண், ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்கேனர். எங்கே இறக்க வேண்டும் என்று திரை சொல்லும், வண்டி அங்கே போகும். ராகவேந்திரா சாரின் நிறுவனத்திலிருந்து அந்தத் திட்டத்துக்குத் தலைவராக வந்தவர் ஹபீபுல்லா.

அவரை நான் வரவேற்றேனா? இல்லை! என்னிடம் பதினெட்டு டாலி கிளார்க்குகள் இருந்தார்கள். சரக்கை எண்ணிக் குறிப்பெடுப்பது அவர்கள் வேலை. மென்பொருள் ஓடத் தொடங்கினால் பதினெட்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. நான் நம்பினேன். அவரைப் பகைவராகவே பார்த்தேன்.

அவர் குழு பதினொரு நாள் கிடங்கை எண்ணியது. எண்ணி முடித்த மறுநாள், ஒன்பதாம் வரிசையிலிருந்த ப்ளீச்சிங் பவுடர் டிரம்கள் அறுபத்திரண்டையும் பதினான்காம் வரிசையின் இடது பாதிக்கு மாற்றினேன். ஒன்பதாம் வரிசையை ஒட்டிய மேற்குச் சுவரில் வெயில் காய்ந்தது. அந்தச் சரக்குக்குச் சூடு ஆகாது. ஆகவே மாற்றியது சரி. அன்று மாலை ஹபீபுல்லா வந்து கேட்டார்.

"ஏதாவது சரக்க எடம் மாத்துனீயளாக்கா?"

"இல்ல தம்பி" என்றேன்.

பொய் சொன்னேன், பெரியோர்களே! முதல் நாளே திரை ஓரிடத்தைக் காட்டும், சரக்கு அங்கே இருக்காது, அதிகாரிகள் முன்னால் அவர் அவமானப்படட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மென்பொருள் ஓடத் தொடங்கியது. காலை பத்தே முக்கால். வாசலுக்கு வெளியே சாலை வளைவு வரை லாரிகள். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எளிதில் தீப்பிடிக்கும் பெயின்ட் தின்னர் டிரம்கள் வந்திறங்கின. பதினான்காம் வரிசை முழுவதும் காலி என்று திரைக்கு நினைப்பு. வலது பாதியில் இறக்கச் சொன்னது. காம்ப்ளே என்ற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் இறக்கினார். இடது பாதியில் தார்ப்பாய்க்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வாசனை வந்து திரும்பிப் பார்த்தேன். தின்னர் டிரம் ஒன்றின் மூடியோரம் ஈரமாக இருந்தது. ஒரு முழம் தள்ளி ப்ளீச்சிங் பவுடர். இரண்டும் கலந்தால் தீக்குச்சியே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். கிடங்கில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். அடுத்த இரண்டு வண்டிகளும் அதே வரிசைக்கு வந்துகொண்டிருந்தன.

நான் உடனே கத்தினேனா? கத்தவில்லை. கத்தினால் என் பொய் வெளியே வரும். எத்தனை நொடி அப்படி நின்றேன் என்று தெரியாது. அந்த நொடிகள் இன்றுவரை என்னை விடவில்லை. பிறகு ஓடினேன்.

"தம்பி, பதினாலுல ப்ளீச்சிங் பவுடர் இருக்கு!"

யார் வைத்தது என்று கேட்டாரா? இல்லை. "எத்தன டிரம்மு, அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"அறுபத்திரண்டு."

இரண்டு கைகளையும் தூக்கினார். "ரோகோ! சப் காடி ரோகோ! இன்ஜின் பந்த் கரோ!" எல்லா வண்டிகளும் இன்ஜினை அணைத்து நின்றன. எல்லோரையும் வெளியே அனுப்பினார். என்னையும் போகச் சொன்னார். நான் போகவில்லை. பொறி கிளம்பக்கூடாது என்று ஃபோர்க்லிஃப்டைத் தொடாமல், கையால் இழுக்கும் வண்டியில் அவரும் காம்ப்ளேயும் நானும் அதுவரை இறக்கியிருந்த எட்டு தின்னர் டிரம்களையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தோம்.

வெளியே வந்ததும் அவர் போன் அடித்தது. புனேயிலிருந்து இயக்குநர். ராகவேந்திரா சார், நீங்கள் பேசியது எனக்கும் கேட்டது. அந்த ஒரு வரிசையைத் திருத்திவிட்டு உடனே ஓட்டுங்கள், துறைமுகம் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடும் என்றீர்கள். அவர் சொன்ன பதிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

"ஒரு வரிச தப்புன்னா, மத்த வரிசையும் தப்பா இருக்கலாம் சார். மறுபடி எண்ணாம நான் ஓட்ட மாட்டேன். வேற ஆள அனுப்புனாலும் சரி."

மூன்று நாள் மென்பொருள் நின்றது. லாரிக்காரர்கள் ஏசினார்கள், அதிகாரிகள் மிரட்டினார்கள். அவர் அசையவில்லை. மறுபடி எண்ணியபோது இன்னும் ஏழு இடங்களில் தவறு இருந்தது. அன்றே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரால் சொல்ல முடியும்?

வியாழக்கிழமை மாலை கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். "தம்பி, நாந்தான் மாத்துனேன். நாந்தான் பொய் சொன்னேன்" என்றேன். டீயைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்தது. இல்லையென்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

"தெரியும்க்கா. அறுபத்திரண்டுன்னு எண்ணாமலே சொன்னீயளே. நாப்பது பேரு உயிரு அது, அக்கா."

பிறகு கேட்டார், "எதுக்குச் செஞ்சீய?"

பதினெட்டு பேரைப் பற்றிச் சொன்னேன்.

"அத எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே! எண்ணத் தெரிஞ்ச ஆளு இல்லாம இந்தத் தெர ஒண்ணுத்துக்கும் ஆவாதுக்கா. பதினெட்டு பேருக்கும் நான் சொல்லித் தாரேன். மொத ஆளா நீங்க வரணும்."

சொன்னதைச் செய்தார். அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த மராத்தி எழுத்தைத் திரையில் வரவைத்தார். பதினெட்டு பேரில் ஒருவர்கூட வெளியே போகவில்லை. ஆனால் தம் நிறுவனத்துக்கு அனுப்பிய அறிக்கையில் என்ன எழுதினார் தெரியுமா? "கணக்கெடுப்பில் எங்கள் குழு செய்த பிழை." என் பெயர் இல்லை. திட்டத் தலைவர் பொறுப்பிலிருந்து அவரை இறக்கினார்கள். தமக்குக் கீழே இருந்தவரின் கீழே வேலை பார்த்தார். அதே பஸ்ஸில், அதே திங்கட்கிழமைகளில் வந்தார்.

நான் வாயைத் திறந்தேனா? பதினான்கு மாதம் திறக்கவில்லை! ஓய்வுக்கு நான்கு ஆண்டு இருக்கிறது, பிறகு சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, பிம்ப்ரி மெட்ரோ படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தேழு வயது! அவர் உயிரோடு இருக்கையில் அந்தப் பழியைத் துடைக்க எனக்கு நாள் கிடைக்கவில்லையா? கிடைத்தது. எல்லா நாளும் கிடைத்தது.

அதனால் நேற்று துறைமுக அலுவலகத்தில் என் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டேன். நடந்தது முழுவதும் அதில் இருக்கிறது. ராகவேந்திரா சார், இது அதன் நகல். எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கோப்பில் இருக்கும் அந்த வரியை அடித்து நீக்குங்கள்.

வாங்கிக்கொண்டதற்கு நன்றி, சார்.

தஸ்லீம், என்னை மன்னிக்கச் சொல்லி உங்களைக் கேட்க மாட்டேன். அதற்கு எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பதினான்காம் வரிசையில் நடந்த பிழை உங்கள் கணவருடையது அல்ல, என்னுடையது. நாற்பத்தொரு பேர் அன்று வீடு திரும்பினார்கள் என்றால் அவர்தான் காரணம். இறைவன் அவருக்கு நல்லிடம் தருவானாக.

பெரியோர்களே, ஏழாம் கிடங்கில் வரும் திங்கட்கிழமை கணக்கெடுப்பு தொடங்குகிறது. என் கடிதத்துக்கு என்ன முடிவு வரும் என்று தெரியாது. வேலையில் வைத்தால் முதல் வரிசையை நானே எண்ணுவேன். வைக்காவிட்டால், துறைமுக வாசலுக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, எண்ண வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை தப்பென்றால் எல்லா வரிசையையும் மறுபடி எண்ண வேண்டும் என்று ஹபீபுல்லா எனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கொடுப்பேன்.