அவளை யார் நினைக்கிறது

— என் கை மோட்டாருக்குள்ள இருக்கு, நீ மெயினைப் போடுற! சட்டுனு கையை இழுக்கலேன்னா இந்நேரம் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்ப. எங்க மச்சான் இருக்கு உன் புத்தி?

— தெரியாம போட்டுட்டேன் மாப்ள. கத்தாத. கடைக்கு ஆளு வந்து நிக்குது.

— நிக்கட்டும்! என்ன யோசனைல போட்ட, அதைச் சொல்லு.

— உனக்குத் தெரியாதா?

— அதே போன்தானே? சாகுற அன்னிக்கு உன் தங்கச்சி கூப்பிட்டா, நீ எடுக்கல. அவ போய் ரெண்டு வருஷமாச்சு, இன்னும் அரைச்ச மாவையே அரைக்கிற. எடுத்திருந்தா நெஞ்சுவலி நின்னிருக்குமா?

— யோசிச்சாத்தானே தெரியும். அன்னிக்கு ஏதோ ஒண்ணை விட்டுட்டேன். திரும்பத் திரும்பப் பாத்தா ஒரு நாள் பிடிபடும்.

— மண்ணாங்கட்டி பிடிபடும்! எரிஞ்ச காயிலைப் பிரிச்சா எங்க ஷார்ட் ஆச்சுன்னு தெரியும். அவ என்ன மோட்டாரா?

— வாயை அடக்கு. விசிலடிச்சுட்டு வேலை பாக்க உன்னால முடியுது. என்னால முடியல. கூடப் பொறந்தவ. நானும் நினைக்கலேன்னா அவளுக்கு வேற யாரு இருக்கா?

— ஓஹோ, அப்ப நான் மறந்துட்டேன்?

— மறக்காமலா கட்டின பொண்டாட்டி போட்டோவை ஹால்லேருந்து கழட்டி அலமாரில குப்புறப் போட்ட?

— ஆமா, போட்டேன்! பாத்தா ஆரம்பிச்சுடும். ஒரு தடவை ஆரம்பிச்சா நிக்காது, பைத்தியம் பிடிச்சுடும்னு பயம். அதான் விசில். அதை நிறுத்தினா நடுக்கடைல உக்காந்து ஓன்னு அழுதுடுவேன், போதுமா?

— பயந்தாங்கொள்ளி.

— நீ பெரிய வீரன். என் கையைப் பொசுக்கப் பாத்த வீரன். கேட்டுக்க, அந்த யோசனையை விடுற வரைக்கும் நீ கடைக்கு வர வேண்டாம்.

— கடை போனா போகுது. விட மாட்டேன். விட்டா அவ நிஜமாவே போயிடுவா.

— அடேங்கப்பா! நீதான் அவளைப் பிடிச்சு வெச்சிருக்கியா? சரி, அன்னிக்கு நடந்ததை விடு. வேற ஏதாவது சொல்லு. சின்ன வயசுல உன்கிட்ட என்ன வம்பு பண்ணுவா? எதுக்குக் கோவிச்சுக்குவா? ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் வாயை மூடிக்கிறேன்.

— அவ... இரு.

— என்ன இரு? நாள் பூரா அவளையே நினைக்கிறவன்தானே நீ? சொல்லு!

— அன்னிக்குக் காலைலேருந்து எல்லாம் ஞாபகம் வருது மாப்ள. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே வரல. அவ வாய்விட்டுச் சிரிப்பாளா, வாயைப் பொத்திட்டுச் சிரிப்பாளா? நீயாவது சொல்லேன்.