ஒரே சஹனில் மூன்று பேர்

ஏரல் பஸ்ஸில் என் முன் சீட்டில், துபாயிலிருந்து லீவில் வந்த போர்மேன் ஒருவர் கூட்டாளியிடம் சொன்னார்:

"வேலையில அடிச்சிக்கிட்ட ரெண்டு பேரையும் ஒரே சஹன்ல சோறு தின்ன வச்சிட்டேன் வே."

"யாரு அவனுவ?"

"ஒருத்தன் பாகிஸ்தானி, ஒருத்தன் நேபாளி. நம்ம கல்யாண வீட்டுல சஹனச் சுத்தி உக்காருத மாதிரி ஒரே பெரிய தட்டுல சோத்தப் போட்டு உக்கார வச்சேன்."

"தின்னானுவளா?"

"மொத நாளு நடுவுல கோடு போட்டுத் தின்னானுவ. பொறவு நேபாளி கோழித்துண்ட அவம் பக்கம் தள்ளிவிட்டான்."

"மேனேஜரு சும்மாவா இருந்தாரு?"

"ரெண்டு பேரையும் வேற வேற ஷிப்டுல போடு, இல்லன்னா ஒன்ன ஊருக்கு அனுப்பிருவேன்னாரு."

"நீரு என்ன சொன்னீரு?"

"அனுப்புறதுன்னா அனுப்பும். சஹனுக்கு மூணு பேரு, இன்னும் ஒரு எடம் கெடக்கு. கையக் கழுவிட்டு வந்து உக்காரும்னேன்."