மூடுபனியின் கடைசித் துண்டு

உங்கள் மேசை ஆடுகிறது. பின்பக்கத்துக் காலுக்கு அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். குறை சொல்லவில்லை. ஆடும் மேசைக்கு முன்னால் எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்காது, அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்ற பல் டாக்டர். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வந்தேன். வாசலில் இருந்த காவலர், "என்ன சார், ஏதாவது காணாமப் போயிடுச்சா?" என்று கேட்டார். மச்சான் இறந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். உட்காரச் சொல்லிவிட்டார். மரியாதையான மனிதர்.

கிளினிக்கை மூடியதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அலமாரிகளைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். பொறுத்துப் பார்த்த என் மனைவி ஒரு ஜிக்சா புதிர் வாங்கிக் கொடுத்தாள். இரண்டாயிரம் துண்டுகள். பெட்டியின் மேல் இருந்த படம் மூடுபனி. மலையோ மரமோ இல்லை, பனி மட்டும்தான். சாம்பல் நிறம், அதைவிடக் கொஞ்சம் வெளுத்த சாம்பல் நிறம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறம். கீழ்மூலையில் பாதிப் பறவை ஒன்று. மீதிப் பாதி பனிக்குள் போய்விட்டது.

ஓரங்களை முடிக்கவே ஒரு மழைக்காலம் போயிற்று. நான் அவசரப்படுகிறவன் அல்ல. ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அதன் இடம் தெரியும்வரை இன்னொன்றைத் தொடமாட்டேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் காதில் விழாது என்று மனைவி சொல்வாள். விழும்.

பாதிக்கு மேல் வந்தபோதுதான் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், பெரிய வக்கீல். கண்புரை அறுவைக்காக வந்தவர், ஒரு கண்ணில் கட்டோடு எங்கள் வீட்டிலேயே தங்கினார். நல்ல மனிதர். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை, கையில் காப்பியோடு என் மேசைப் பக்கம் வந்தார். "என்ன மாப்பிள்ளை, புகையை ஒட்டிக்கிட்டிருக்கீங்க?" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எடுத்து ஓர் இடத்தில் வைத்தார். பொருந்திவிட்டது. அந்த இடத்துக்கு நான் ஒரு வாரமாகத் துண்டு தேடிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு தினமும் இதே கதை. குளிக்கப் போகும்போது ஒன்று, செய்தித்தாளைத் தேடி வரும்போது ஒன்று. யோசிக்கும்போது துண்டை முன்பற்களில் கடித்துக்கொள்வார். அட்டைக்கும் கெடுதல், பல்லுக்கும் கெடுதல் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

"ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டே அண்ணன் எப்படிக் கண்டுபிடிக்கிறாரு பாத்தீங்களா?" என்றாள் மனைவி. பார்த்தேன் என்றேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அறுபத்தெட்டு வயதில் எனக்கு எதற்குப் பொறாமை? அவர் வைத்த துண்டுகளை அவர் தூங்கும்போது எடுத்துவிட்டு, மறுபடி நானே வைத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அன்று மனைவி அவருக்குக் கண்மருந்து வாங்கப் போயிருந்தாள். ஒரே ஒரு இடம் மிச்சம், ஒரே ஒரு துண்டு மிச்சம். என் கைக்கு முன்னால் அவர் கை போய்விட்டது. துண்டைப் பற்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வாய்தா கேளுங்க மாப்பிள்ளை, தரேன்" என்றார். பல்லைக் கடித்தபடி சொன்னதால் சொல் குழறியது. அந்தக் குழறல் அவருக்கே சிரிப்பு மூட்டிவிட்டது. சிரித்தார், துண்டு உள்ளே போய்விட்டது.

தொண்டை அடைத்தவரை என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பின்னால் நின்று, விலாவுக்குக் கீழே கையைக் கோத்து, இழுத்து அழுத்த வேண்டும். கிளினிக்கில் ஒரு முறை செய்து ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். ஆனால் மச்சான் இரண்டு கையாலும் என் மேசையைப் பிடித்திருந்தார். அந்த நிலையில் அழுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். எல்லாம் தரைக்கு வந்துவிடும்.

அதனால் முதலில் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பிறகு புதிரை அதன் பலகையோடு தூக்கி, சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனேன். அங்கே காலைத் தட்டுகள் கழுவாமல் கிடந்தன. அவற்றை எடுத்து வைத்து, ஈரம் போகத் துடைத்தேன். தரையிலேயே வைத்திருக்கலாமே என்பீர்கள். அவர் அங்கே காலை உதைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது சுவரோரமாக அமைதியாகச் சாய்ந்திருந்தார். என் பழைய பெட்டியில் நீள இடுக்கி இருந்தது. திறந்த வாய் எனக்குப் புதிதல்ல. துண்டு சேதமில்லாமல் வந்தது. கழுவி, மனைவியின் முடி உலர்த்தியால் மிதமான சூட்டில் உலர்த்தினேன். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

வயதானவர், மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. "கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அது போதும்" என்று மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். "அண்ணன் முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு" என்றாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். இப்போது அந்தப் புதிருக்குச் சட்டம் போட்டு, அவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். அடியில் அவர் பெயர். பார்க்கிறவர்கள், "ஒரு கண்ணை வச்சுக்கிட்டு எப்படிங்க?" என்று என்னிடமே கேட்கிறார்கள். ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

ஆகவே இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கடைசித் துண்டை வைத்தது நான். அவர் வைத்திருக்கவே முடியாது. அப்போது அவருக்கு மூச்சில்லை. துண்டை எடுக்கும் முன் பல் பார்க்கும் கண்ணாடியை அவர் மூக்கருகே வைத்துப் பார்த்தேன், லேசாக ஆவி படிந்தது. அதனால் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.