எதிர்த்தீ வைத்த மதியம்

“நூத்துக்கு தொண்ணூறு கன்னு உயிரோட இருக்குன்னு எழுதிட்டீங்க. நான் எண்ணினா பதினொண்ணுகூட—”

“மழை ஏமாத்தினா அதுக்கு நான் என்ன—”

“தண்ணியே ஊத்தலைக்கா. மழை மேல பழி போடாதீங்க.”

“வேலை செய்யத் தெரியாதவன்தான்டா உக்காந்து எண்ணிட்டிருப்பான்.”

ரேஞ்சரும் நானும் எப்போதும் இப்படித்தான் பேசிக்கொள்வோம். விசாரிக்க வந்த உங்களுக்குச் சண்டையாகத் தெரியலாம். காட்டைக் கோப்பில் மட்டும் பார்த்தவருக்கு அப்படித்தான் தெரியும். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சரிவில் நாற்பதாயிரம் கன்றுகள் நட்டோம். தொண்ணூறு சதவீதம் பிழைத்ததாக நான் அனுப்பிய அறிக்கையால்தான், வனத்துறைத் தலைமைப் பதவிக்கான பட்டியலில் என் பெயர் ஏறியது. அந்த நாற்காலியில் இதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. முப்பத்தொரு வருடம் ஜீப்பின் பின்சீட்டில் குலுங்கியவள் நான். அவனுக்கு வேலை பழக்கியவளும் நானே. அவனோ, பட்டியல் முடிவாகும் வாரத்தில், செத்த கன்றுகளைப் படமெடுக்கத் தனியாகச் சரிவுக்குள் போனான்.

அன்று மதியம் கிழக்கே தீ கிளம்பியது. அது என் வேலையல்ல. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெருந்தீயைத் துரத்திப் பிடிக்க முடியாது. அது வரும் வழியில் நாங்களே ஒரு தீயை வைத்து அதை நோக்கி அனுப்புவோம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எரிக்க எதுவும் மிஞ்சாது. வைப்பதற்கு முன் ஒரே விதி: உள்ளே போன ஒவ்வொருவரையும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, வெளியே வந்துவிட்டேன் என்று அவர்கள் வாயால் கேட்க வேண்டும்.

ஏழு பேரைக் கூப்பிட்டேன். ஏழு பேரும் சொன்னார்கள். அவனை மட்டும் வேறு சேனலில் கூப்பிட்டேன்.

“சரிவுலதான் இருக்கேன்கா. பத்து நிமிஷத்துல பாதைக்கு வந்துடறேன்.”

சரிவின் அடியில், பாதையோரம், தீக்காவலர் பந்தத்தோடு நின்றார். “ரேஞ்சர் வந்துட்டாரா மேடம்?”

“வந்துட்டார். வைங்க.”

காத்திருக்க நேரம் இருந்தது. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தீ நின்றது. பாதைக்கு அந்தப் பக்கக் குடியிருப்பில் ஒரு கூரைகூடக் கருகவில்லை. என்றைக்கோ காய்ந்துபோன கன்றுகளெல்லாம் அன்று எரிந்ததாகப் பதிவாயின. பதவி வந்தது. அவன் மனைவிக்கு என் அலுவலகத்திலேயே வேலை போட்டுக் கொடுத்தேன். தினமும் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறாள். நாற்றங்காலுக்கு அவன் பெயர் வைத்தேன். வேறு எந்த அதிகாரி இவ்வளவு செய்வார்? எல்லாம் காட்டுக்காகத்தான். தலைமை சரியில்லாத காடு எத்தனை நாள் நிற்கும்?

கட்டுப்பாட்டு அறை எல்லாச் சேனலையும் பதிவு செய்யும் என்பதை மறந்துவிட்டேன். நீங்கள் கொண்டுவந்த ஒலிப்பதிவை எனக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அவன் நான்கு முறை கூப்பிட்டான். வயர்லெஸ் என் கையில்தான் இருந்தது. கடைசியாகச் சொன்னது இது:

“அக்கா, பாதைப் பக்கம் யாரோ தெரியாம நெருப்பு வச்சிட்டாங்க. அவங்களை நிறுத்தச் சொல்லுங்கக்கா.”